வீடு சேரும்வரை மூச்சு

எங்கள் பக்கத்தில் சாகக் கிடக்கிற ஆளை ஆஸ்பத்திரியிலேயே சாக விட மாட்டார்கள். வெளியில் உயிர் போய்விட்டால் உடம்பை வீட்டுக்குள் ஏற்றக் கூடாது. தெருவில் தகரமோ தார்ப்பாயோ போட்டு அதன் கீழே கிடத்தி, அங்கேயே குளிப்பாட்டி, அங்கிருந்தே தூக்கிவிடுவார்கள். தான் கட்டிய வீட்டுக்கே அவன் வெளியாள் ஆகிவிடுவான். அதனால் டாக்டர் கையை விரித்ததும் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "வீடு போய்ச் சேருத வரைக்கும் தாங்குமா?" என்பதுதான். எல்லா ஊரிலும் எல்லாச் சாதியிலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். நான் வண்டி ஓட்டிய ஊர்களில் பெரும்பாலும் இப்படித்தான்.

அந்தக் கேள்வியை வைத்துத்தான் சில வருடம் என் சோறு நடந்தது. கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் ஓட்டினேன். அதற்கு முன் ஆந்திராவில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் குழாய் இறக்கினேன், கேரளத்தில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன், நாக்பூர் வரை லாரி ஓட்டினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரே ஊரில் இரண்டு தீபாவளி கழிந்தால் எனக்குக் கால் அரிக்கும். ஆம்புலன்ஸில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டேன்.

செத்துக்கொண்டிருப்பவரை வீடு சேர்ப்பதற்கு ஒரு முறை உண்டு. மெஷினில் இருக்கிற ஆளை மெஷினோடு கொண்டு போக முடியாது. தொண்டைக்குள் போகிற குழாயை அப்படியே விட்டு, அதன் நுனியில் அம்பு பேக் என்கிற ரப்பர் பையை மாட்டுவார்கள். கையால் அமுக்கினால் காற்று உள்ளே போய் நெஞ்சு மேலே ஏறும். விட்டால் இறங்கும். வீடு வரும்வரை ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டே வர வேண்டும். வீட்டுக்குள் கிடத்தி, பால் ஊற்றி முடித்ததும் கையை எடுத்துவிடுவார்கள். வழக்கமாகப் பழைய நர்ஸ் யாராவது வருவார். ஆள் இல்லாத நாளில் படிக்கிற பிள்ளைகளில் ஒருத்தியை அனுப்புவார்கள்.

அந்தப் பிள்ளைகள் பக்கத்துக் காலேஜில் நர்ஸிங் படிப்பவர்கள். பாதி நாள் வகுப்பு, பாதி நாள் எங்கள் வார்டு. பெரும்பாலும் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசுக்கும் போகிற வீட்டுப் பிள்ளைகள். வார்டுப் பொறுப்பு பார்த்த சிஸ்டர் கையில் வெட்டுத் தழும்புகளும் வாயில் வசவுமாக இருப்பார். "மொத மாசம் பீ, ரெண்டாம் மாசம் புண்ணு, மூணாம் மாசம் பொணம். மூணையும் தாண்டினாத்தான் நீங்க நர்சு" என்று புதிதாக வந்தவர்களிடம் சொல்லுவார். பட்டாசு வெடித்து வெந்து வந்தவர்களுக்குக் கட்டுப் பிரிக்கும்போது வேண்டுமென்றே புதுப்பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார். தோல் துணியோடு வரும். பாதிப் பேர் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போன ஒருத்தி திரும்பி வரவே இல்லை. அவளுடைய தட்டும் டம்ளரும் ஹாஸ்டலில் வெகு நாள் கிடந்தனவாம்.

இந்த மாதிரி ஓடிப்போகிறவர்களுக்காகக் காலேஜில் இருந்து ஓர் ஆளை அனுப்பினார்கள். மனதைத் திடமாக்குகிற வகுப்பு. மத்தியானம், மருந்து ஸ்டோருக்குப் பக்கத்து அறையில். அங்கே மின்விசிறி நன்றாக ஓடும் என்பதால் நானும் கடைசியில் போய் உட்காருவேன். "மனசு பந்து மாதிரி இருக்கணும். எவ்வளவு வேகமா எறிஞ்சாலும் அவ்வளவு வேகமாத் திரும்பி எழும்பணும்" என்று அவர் சொன்னார். எனக்கு முன் வரிசையில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "எறியுதத நிறுத்தச் சொல்லுட்டி" என்று முணுமுணுத்தாள். நான் சிரித்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பசுவந்தனைப் பக்கம் ஒரு கிராமம் அவளுக்கு. கடைசி வருடம் படித்தாள். ஒல்லியாக, சற்றுக் கூன் போட்டு நடப்பாள். எந்த வேலைக்கும் முகம் சுளிக்க மாட்டாள். ஆனால் அழுதுவிடுவாள். சிறுநீரகம் கெட்ட ஒரு பையனுக்கு ஊசி போட்டுக்கொண்டே அவள் கண்ணீர் வடித்ததைப் பொறுப்பு சிஸ்டர் பார்த்துவிட்டார். வராந்தாவில் நிறுத்தி வைத்து விட்ட வசவு வண்டி நிற்கிற இடம் வரை கேட்டது.

"ஏட்டி, அழணும்னா கக்கூஸ்ல போயி அழு. நீ கண்ணக் கசக்கினா அவன் தன் கத முடிஞ்சதுன்னு நெனைப்பான்லா? இன்னொரு தடவ பாத்தேன், காலேஜுக்கு எழுதி அனுப்பிருவேன். அப்புறம் ஒங்கம்மா கூடத் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டப் போ."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சொன்ன விதம் அவருக்கு வந்த விதம். போர் வண்டியில் என்னையும் யாரும் உட்கார வைத்துத் திடமாக்கவில்லை. பசி வேலை வாங்கியது. அதற்குத் திடம் என்று பெயர் வைக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்த ஒரு காலையில் கூப்பிட்டு அனுப்பினார்கள். புதூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்து ஆள். வயது ஐம்பது தாண்டியிருக்கும். மகாராஷ்டிரத்தில் பல வருடம் முறுக்கு, மிட்டாய் வியாபாரம் செய்து, அந்தக் காசில் ஊரில் வீடு கட்டியவர். இனி ஊரோடு இருந்துவிடலாம் என்று வந்த இடத்தில் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. மூளை செத்துவிட்டது, மெஷினை எடுத்தால் கொஞ்ச நேரம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வழியில் இருதயம் நின்றாலும் நெஞ்சை அமுக்க வேண்டாம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

கூட வந்தவர்கள் அவருடைய மனைவியும் தம்பியும். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் காரில் வந்துகொண்டிருந்தாள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவிய கட்டின வீடுய்யா. பால் காய்ச்சி வருசம் திரும்பல. சேந்தாப்புல ஒரு மாசம் உள்ள படுத்ததில்ல. தெருவுல போட்டுறாதீங்க. எப்படியாவது உசுரோட உள்ள சேத்துருங்க."

பொறுப்பு சிஸ்டர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். "நீ போ. பேக் அமுக்கத் தெரியும்லா?"

"தெரியும் சிஸ்டர்."

"பொம்மைக்கு அமுக்கினது இல்லட்டி, இது மனுசன்."

"தெரியும் சிஸ்டர்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். அந்த அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து கணவரின் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டார். தம்பி எனக்குப் பக்கத்து சீட்டில். கிளம்பினோம்.

கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வலது கை அமுக்கியது. இடது கை சிறிது நேரத்துக்கு ஒருதரம் அவர் கழுத்தில் போய் நாடி பார்த்துவிட்டுத் திரும்பியது. உதடு எண்ணிக்கொண்டிருந்தது. தம்பி போனில் அண்ணன் மகளிடம் கத்தினார். "இருக்காவட்டி, இருக்காவ. மூச்சு ஓடுது. நீ பதறாம வா." பிறகு என்னிடம், "அண்ணாச்சி, கொஞ்சம் வெரசாப் போங்க."

"வெரசாப் போனா குழாய் உருவிரும். மெதுவாவே போங்க அண்ணாச்சி" என்று பின்னால் இருந்து அவள் குரல் வந்தது. அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு கெட்டியான குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எட்டயபுரத்து வேகத்தடைகளில் வண்டியை ஊர்ந்து ஏற்றி இறக்கினேன்.

புதூர் தாண்டி ஊருக்குத் திரும்புகிற விலக்கில் தம்பி என் கையைத் தட்டினார்.

"அண்ணாச்சி, தார்ரோட்டுல போவாதீங்க. அது சுடுகாட்டு ஓரமாத்தான் ஊருக்குள்ள போவுது. உசுரோட வாற மனுசன அந்த வழியாக் கொண்டுவரப்படாது. முன்னால ஒரு வண்டிப்பாதை இருக்கு, அதுல விடுங்க."

"மழ பேஞ்சிருக்கே. இது கரிசல்லா?"

"டிராக்டர்லாம் போவுது. நல்லாத்தான் கெடக்கு."

பின்னால் இருந்து அவள், "தார்ரோட்டுலயே போங்கண்ணாச்சி. நாடி எறங்குது" என்றாள்.

"நீ சின்னப்புள்ள. பைய அமுக்கு தாயி. எங்க ஊரு முற எங்களுக்குத் தெரியும்."

கண்ணாடியில் அந்த அம்மாவைப் பார்த்தேன். "கொழுந்தன் சொல்லுத வழியே போங்கய்யா" என்றார். வண்டியில் கிடக்கிற உயிர் யாருடையதோ, வழியும் அவர்களுடையதுதான் என்று பழகிப்போனவன் நான். வண்டிப்பாதையில் திருப்பினேன்.

கரிசல் மண் காய்ந்து கிடந்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். நனைந்தால் பிடித்ததை விடாது. டயரில் மாவு மாதிரி அப்பி, சுற்றிச் சுற்றி, மட்கார்டு வரை அடைத்துவிடும். அப்புறம் சக்கரம் இருந்தும் இல்லாததுதான். இரண்டு பக்கமும் உளுந்துக்காடு. ஊர் வீடுகள் கண்ணுக்குத் தெரிந்தன. வண்டி நின்றுவிட்டது. முன்னும் நகரவில்லை, பின்னும் நகரவில்லை. தம்பி இறங்கிச் சேற்றில் நின்றுகொண்டு தலையில் அடித்துக்கொண்டார். யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கு வேறு ஆள் இல்லை.

போன் போட்டதும் ஊரில் இருந்து ஐந்தாறு பேர் ஒரு நார்க்கட்டிலோடு ஓடி வந்தார்கள். ஸ்ட்ரெச்சரை அந்த மண்ணில் தள்ள முடியாது. அவரைக் கட்டிலுக்கு மாற்றினோம். ஆக்சிஜன் சிலிண்டரை என்ன செய்வது என்று நான் பார்த்தேன். அவள் பையில் இருந்து சிலிண்டர்க் குழாயைக் கழற்றிவிட்டாள். "வெறும் காத்தே போதும். வாங்க."

கட்டிலைத் தோளில் ஏற்றப் போனார்கள். "தோள்ல வேண்டாம், எனக்கு எட்டாது. இடுப்புக்குக் கீழ பிடிங்க" என்று அவள் சொல்வதற்கும், "தோள்ல ஏத்தாதீங்கலே, பாடையா இது?" என்று தம்பி கத்துவதற்கும் சரியாக இருந்தது. குனிந்து தூக்கிக்கொண்டு நடந்தோம். தலைமாட்டில் ஒரு மூலை நான். எனக்குப் பக்கத்தில் கட்டிலோடு ஒட்டிக்கொண்டு அவள். அவளுடைய செருப்பு இரண்டும் முதல் சில அடிகளிலேயே சேற்றில் போய்விட்டன. வெள்ளைச் சீருடை முழங்கால் வரை கறுப்பானது. காலைப் பிடுங்கி வைக்கிற ஒவ்வொரு தடவையும் உடம்பு சாய்ந்தது. பை அமுக்குகிற கை மட்டும் சாயவில்லை. தூறல் போட்டது. யாரோ அவர் முகத்துக்கு மேலே குடை பிடித்தார்கள்.

பாதி வழியில் கை மாற்றுவதற்காகக் கட்டிலை இறக்கினோம். அவள் இடது கையை அவர் கழுத்தில் வைத்தாள். எப்போதும் எடுக்கிற நேரத்தில் எடுக்கவில்லை. விரலைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி வைத்தாள். இமையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மாதிரிப் பார்வையை அந்த வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் போய்விட்டார். உளுந்துக்காட்டு நடுவில், சேற்றில், வீட்டுக்கு இவ்வளவு கிட்டத்தில்.

அந்த அம்மா பின்னால் விழுந்து எழுந்து வந்துகொண்டிருந்தார். தம்பி, "மூச்சு இருக்கா நர்சம்மா?" என்று கேட்டார். அவள் இடது கையால் குழாயைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். வலது கை அமுக்கியது. நெஞ்சு ஏறி இறங்கியது. அதைப் பார்த்து, "இருக்கு, இருக்கு" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

"தூக்குங்கண்ணாச்சி" என்றாள் அவள்.

தூக்கினோம். அந்த மிச்ச வழியைப் போல ஒன்றை நான் நாக்பூர் லாரி ஓட்டத்தில்கூடக் கண்டதில்லை. பிணத்துக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டு ஒரு பிள்ளை பக்கத்தில் நடக்கிறாள். அவள் வாய் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது. ஒரு தடவை வழுக்கி முழங்காலில் விழுந்தாள். விழுந்தபடியே அமுக்கினாள். நான் ஒற்றைக் கையால் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினேன். முகம் பூராவும் ஈரம். மழையா வேறு எதுவுமா என்று நான் பார்க்கவில்லை.

வீடு புதுசு. பச்சைப் பெயின்ட், டைல்ஸ் தரை. வாசலில் கூட்டம். கட்டிலோடு உள்ளே கொண்டுபோய் நடு வீட்டில் பாய் விரித்துத் தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். வெள்ளைத் தரை முழுக்க எங்கள் கால் சேறு. "வந்துட்டீயய்யா, வீட்டுக்கு வந்துட்டீயய்யா" என்று பெண்கள் அழுதார்கள். அவள் தலைமாட்டில் மண்டியிட்டு அமுக்கிக்கொண்டே இருந்தாள். மனைவி பால் ஊற்றினார். தம்பி ஊற்றினார். பால் குழாய் ஓரமாக வழிந்து காதுக்குப் போனது. வந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக ஊற்றினார்கள்.

முடிந்தது என்று நான் நினைத்தேன். தம்பி போனைக் காதில் வைத்துக்கொண்டு வந்தார்.

"நர்சம்மா, மக அருப்புக்கோட்ட தாண்டிட்டாளாம். அவ வந்து பால் ஊத்துற வரைக்கும் அமுக்குங்க. கைய எடுத்துறாதீங்க."

அவள் அமுக்கினாள். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. நான் குனிந்து, "நான் கொஞ்சம் அமுக்குதேன், குடு" என்றேன். "டிரைவர் எதுக்குய்யா? நர்சம்மாவே செய்யட்டும்" என்று யாரோ சொன்னார்கள்.

அவள் என் காதோரம் சொன்னாள். "கை சில்லிட்டுப் போச்சு அண்ணாச்சி. அந்தம்மா கையப் பிடிச்சிருக்காங்க."

பார்த்தேன். அந்த அம்மா கணவரின் கையில் ஒட்டியிருந்த கரிசல் மண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். நகத்து இடுக்கில் இருந்ததை எடுத்தார். அப்புறம் அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு அதை மெதுவாக அவர் நெஞ்சின் மேல் வைத்துவிட்டு, தலைமாட்டில் இருந்த பெண்ணைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். எப்போது போனது என்பதுவரை தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

அவள் அமுக்குவதை நிறுத்தினாள். நெஞ்சு இறங்கியது, ஏறவில்லை.

"அய்யா போயிட்டாங்க" என்றாள்.

அழுகை கிளம்பியது. அதற்கு மேலே தம்பியின் குரல். "ஏன் நிறுத்துன? இந்தா வந்துட்டால்லா? இன்னும் அரை மணி நேரம் அமுக்குனா ஒன் கை தேஞ்சா போயிரும்? பெத்த புள்ள மொகத்தப் பாக்காம அனுப்பிட்டியே. நீயெல்லாம் என்ன நர்சு?" அடிக்க வருவார் போல இருந்தது. நான் நடுவில் நின்றேன். அந்த அம்மா தலையைக் கவிழ்த்தபடி இருந்தார். கொழுந்தனை அவர் தடுக்கவில்லை. அவர் ஏன் தடுக்கவில்லை என்று பின்னால் யோசித்திருக்கிறேன். தடுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் குழாயைக் கழற்றி, வாயோரத்துப் பாலைப் பஞ்சால் துடைத்து, தாடையைக் கட்டி, காலைக் கட்டினாள். வேலையை முடித்த பிறகுதான் எழுந்தாள்.

டிராக்டர் வைத்து வண்டியை இழுத்து விலக்குக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான் டயரில் இருந்த மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தேன். அவள் முன் சீட்டில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். வலது கை விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. இடது கையால் அவற்றை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு வாடகைக் கார் வந்து பக்கத்தில் நின்றது. தலை கலைந்து ஒரு பெண் இறங்கினாள். அவர் மகள் என்று பார்த்ததும் தெரிந்தது, அதே நெற்றி. சித்தப்பா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

அவள் நேரே முன் சீட்டுக் கதவருகே வந்தாள். "நீதானா பை அமுக்க வந்தவ?"

"ஆமாக்கா." பிள்ளை இறங்கி நின்றாள்.

"எங்க அப்பா மொகத்த உசுரோட ஒருதரம் பாக்கணும்னுதான ராத்திரியெல்லாம் வாரேன். அரை மணி நேரம் ஒனக்குப் பொறுக்கலயா? கை வலிச்சுதா?"

பிள்ளை மடங்கிய விரல்களை இடது கையால் மூடிக்கொண்டாள்.

"கேக்கேன்லா? கை வலிச்சுதாட்டி?"

நான் குச்சியைப் போட்டுவிட்டு வந்தேன். "இந்தாம்மா, நடந்தது தெரியாமப் பேசாத. ஒங்க அப்பா..."

"அண்ணாச்சி" என்றாள் பிள்ளை. அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் அந்த மகளைப் பார்த்துச் சொன்னாள். "வீட்டுக்குள்ளதான்க்கா போனாங்க. நடு வீட்டுல. அம்மா கையப் பிடிச்சிருந்தாங்க. எல்லாரும் பால் ஊத்தினாங்க. அவங்களுக்கு வலி தெரிஞ்சிருக்காது. என் கைதான் ஓஞ்சுபோச்சு. மன்னிச்சிருங்க."

மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சேறு காய்ந்து வெடித்த சீருடையை, வெறுங்காலை. "ஒங்கப்பாவுக்கு இப்படி வந்தாத்தான் ஒனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். கார் தார்ரோட்டில் ஊருக்குள் போனது.

நான் வண்டியை எடுத்தேன். எனக்கு ஆறவில்லை.

"உள்ளதச் சொல்லியிருக்கலாம்லா தாயி. ஒம்மேல எதுக்குப் பழி?"

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தூறல் மறுபடி வலுத்திருந்தது.

"சொன்னா அய்யாவ எங்கன கெடத்துவாங்க அண்ணாச்சி?" என்றாள். "மழ பெய்யுதுல்லா."